மதியத் தொடர் முடிந்த பிறகும் அம்மா நாலரைக்கு வந்து உட்காருகிறார்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உங்களோடு இருக்கும் 72 வயது அம்மா, ஆறு வருஷமாகப் பார்த்துவந்த மதியத் தொடர் போன மாதம் முடிந்துவிட்டது. இப்போதும் நாலரை மணிக்கு வந்து சோபாவில் உட்காருகிறார். வேறு தொடர் போட்டால் வேண்டாம் என்கிறார். நாடகம்தானே, இதற்குச் சிரிப்பதா கவலைப்படுவதா, அது திரும்ப வருமா, பதிலுக்கு எதைப் போடலாம், டிவி சந்தாவை நிறுத்திவிடலாமா என்று நாலு கேள்வி. எனக்கு அதில் ஒரே கேள்விதான் தெரிகிறது: இல்லாத மனிதர்களைப் பிரிந்த வருத்தத்தை வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு தூரம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? மற்ற மூன்றுக்கும் பதில் இதைப் பொறுத்தது.

நான் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதுகிறவன். பெரும்பாலும் இங்கே சிங்கப்பூரில்தான். நடுவில் சில காலம் சென்னையில் ஒரு நெடுந்தொடரின் கதைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவனோ மனநல ஆலோசகனோ இல்லை. ஒரு தொடர் எப்படி ஓடுகிறது, எப்படி முடிகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் அம்மாவின் மனசைப் பற்றி நான் சொல்வதை, பல வருஷமாகப் பார்வையாளர்களோடு பேசிப் பழகியவனின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. இந்த வருத்தம் அசட்டுத்தனம் இல்லை, புதிதும் இல்லை. 1956இலேயே டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், திரையில் அடிக்கடி வரும் ஒருவரோடு பார்ப்பவருக்கு ஒருவழி நட்பு உண்டாகிறது என்று விளக்கமாக எழுதினார்கள். பிறகு 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் 2004இல் முடிந்தபோது, கெரன் இயால், ஜோனதன் கோஹன் என்ற இருவர் அதைப் பார்த்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். பிடித்த பாத்திரத்தோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வருத்தம். தனிமையில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் நிஜ உறவு முறிந்த வலி அளவுக்கு இல்லை. இதுதான் அவர்கள் கண்டது. இதை உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம். அவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், அதுவும் வாரத்துக்கு ஒரு முறை வந்த நகைச்சுவைத் தொடர். உங்கள் அம்மா பார்த்தது வாரத்துக்கு ஆறு நாள் வந்தது. வருஷத்துக்குச் சுமார் முந்நூறு அத்தியாயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், விழித்திருக்கும் நேரத்தில் அந்தக் கதாநாயகியை அவர் பார்த்த அளவுக்கு உங்களைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இந்த நெருக்கம் தானாக வருவதில்லை, அதைக் கட்டித்தான் கொடுக்கிறோம். கதைக் குழுவில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், பார்ப்பவர் திரையைப் பார்க்கவில்லை என்று நினைத்து எழுது என்பதுதான். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதில் வாங்கினாலும் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது புரிய வேண்டும். அதனால்தான் பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் ஓயாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நேற்று நடந்ததை இன்று இன்னொருவரிடம் முழுசாகச் சொல்கிறார்கள். சினிமா விமர்சகர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு அது வீட்டில் இன்னொரு பெண்மணி பேசிக்கொண்டிருப்பதற்குச் சமம். அப்புறம் அந்தக் கதையின் காலமும் நம் காலத்தோடு சேர்ந்தே நகரும். நமக்குப் பொங்கல் என்றால் அங்கேயும் பொங்கல். ஒரு வளைகாப்பு இரண்டு வாரம் நடக்கும். சினிமாவில் பத்து வருஷம் ஒரு பாட்டில் ஓடிவிடும். இங்கே பத்து நாள் கடக்கப் பத்து நாளுக்கு மேலேயே ஆகும். ஆறு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும். உங்கள் அம்மா கூடவே இருந்து பார்த்திருக்கிறார்.

நாலரை மணி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இன்னொன்று தோன்றியது. சிங்கப்பூர் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே நாலரை என்றால் அங்கே மதியம் இரண்டு. சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, பெண்கள் கொஞ்சம் காலை நீட்டும் நேரம். அம்மாவுக்கு ஊரில் அக்காவோ தங்கையோ நாத்தனாரோ இருந்து, அவரும் அதே தொடரைப் பார்த்துவந்தவர் என்றால், தொடர் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு போயிருக்கும். "பாத்தியா, அவ செஞ்ச வேலைய?" என்று ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் பேச்சு முட்டிவலி, மருமகள் என்று போய்ச் சேர்ந்திருக்கும். இது ஊகம். ஆனால் இங்கே தேக்கா கடைத்தெருவிலும் கோயில் மண்டபத்திலும் மூத்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். சொந்தக் கஷ்டத்தை நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தொடரில் வரும் மாமியாரை வைத்துச் சொல்லிவிடுவார்கள். தொடர் நின்றதும் பேச ஒரு சாக்கு இல்லாமல் போகிறது. அம்மா அந்த நேரத்தில் யாரோடு பேசிக்கொண்டிருந்தார், இப்போதும் பேசுகிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். கதை முடிந்ததை விட இது பெரிய இழப்பாக இருக்கலாம்.

கதை முடிந்த விதமும் உதவியிருக்காது. நெடுந்தொடர் என்ற வடிவத்துக்கு முடிவு என்பதே கிடையாது. முடியாமல் இருப்பதற்காகவே அதைக் கட்டுகிறோம், ஒரு முடிச்சு அவிழும் முன் அடுத்த முடிச்சைப் போட்டுவிடுவோம். பிறகு ஒரு நாள், இன்னும் சில வாரம்தான் என்று சேனலிலிருந்து தகவல் வரும். ஆறு வருஷம் கெட்டது செய்தவர் ஒரே வாரத்தில் திருந்துவார், காணாமல் போனவர் வாசலில் வந்து நிற்பார், கடைசி நாள் எல்லாரும் கூடி ஒரு குடும்பப் புகைப்படம். பார்ப்பவருக்கு உறைப்பதற்குள் அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறொரு வீடு, வேறொரு மருமகள். இங்கே சிங்கப்பூரின் தமிழ்ச் சேனலான வசந்தத்துக்கு எழுதும்போது நிலைமை வேறு. இத்தனை அத்தியாயம் என்று முதலிலேயே தெரியும், முடிவை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். அதனால் எங்கள் நாடகங்கள் ஒழுங்காக முடியும். ஆனால் யாரும் அவற்றுக்காக நாலரை மணிக்கு வந்து காத்துக்கொண்டு உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை! இங்கே ஆங்கிலச் சேனலான சேனல் 5இல் 'தங்லின்' என்று ஒரு தினசரி நாடகம் 2015 முதல் 2018 வரை ஓடியது, அதில் ஓர் இந்தியக் குடும்பமும் உண்டு. தமிழ்நாட்டு நெடுந்தொடருக்குச் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட வந்தது அதுதான்.

சேனல் ஏன் நிறுத்துகிறது என்றால் பணம்தான் காரணம். 2000களில் பல தயாரிப்பாளர்கள் ஒளிபரப்பு நேரத்துக்குச் சேனலுக்குக் கட்டணம் கட்டிவிட்டு, விளம்பர விநாடிகளைத் தாங்களே விற்றுச் சம்பாதித்தார்கள். இப்போது பெரும்பாலும் சேனலே காசு கொடுத்துத் தயாரிக்கச் சொல்கிறது. எப்படி இருந்தாலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் வரும் டிஆர்பி எண்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை எடுப்பது இந்திய வீடுகளில் வைத்திருக்கும் மீட்டர்களிலிருந்து. உட்லண்ட்ஸில் உங்கள் அம்மா ஆறு வருஷம் ஒரு நாள் விடாமல் பார்த்ததும், ஜூரோங்கிலோ ஈசூனிலோ இன்னொரு அம்மா பார்த்ததும் அந்தக் கணக்கில் ஓர் இம்மி கூடச் சேரவில்லை. பார்த்தும் பார்க்காதவர்களாகத்தான் இங்கே இருப்பவர்களை அந்தத் தொழில் வைத்திருக்கிறது. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

இதை விட மோசமாகவும் முடியலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றபோது, சன் டிவியில் ஓடிக்கொண்டிருந்த 'அழகு' போன்ற சில தொடர்கள் முடிவே இல்லாமல் போய்விட்டன. கதை நடுவழியில் நின்றது நின்றதுதான். அந்த நேரத்தில் பழைய 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்பினார்கள், அது எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விடைபெறுவதை ஓரளவு கௌரவமாகச் செய்தவர்களும் உண்டு. மதியத் தொடர் என்ற பழக்கத்தை உலகத்துக்குக் கொடுத்த அமெரிக்காவில் அது 2009லிருந்து சரசரவென்று சரிந்தது. 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கைடிங் லைட்' 2009 செப்டம்பர் 18 அன்று முடிந்தது. கூட்டினால் 72 வருஷம். அடுத்த வருஷம் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்'. இந்த இரண்டாவதின் கடைசி நாளை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். 1956 ஏப்ரலில் அதன் முதல் வசனம், நான்சி என்ற இல்லத்தரசி கணவரிடம் சொல்லும் காலை வணக்கம். அதைச் சொன்ன ஹெலன் வாக்னர் அதே பாத்திரத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் நடித்து, தொடர் முடியச் சில மாதங்கள் இருக்கும்போது 2010 மே மாதம் 91 வயதில் இறந்தார். செப்டம்பரில் வந்த கடைசி அத்தியாயத்தில், நான்சியின் மகனாக வரும் வயதான டாக்டர் பாப் தன் அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறார். அவர் சொல்லும் இரவு வணக்கம்தான் கடைசி வசனம். ஐம்பத்து நாலு வருஷத்தை ஒரே நாளாக்கிவிட்டார்கள். பார்த்தவர்கள் அழுதிருப்பார்கள். அழுவதற்கு ஓர் இடம் கொடுத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். 2011இல் 'ஆல் மை சில்ட்ரன்' முடிந்தபோது நேர்மாறாகச் செய்தார்கள்: கடைசியில் ஒரு துப்பாக்கிச் சத்தம், யார் மேல் பட்டது என்று தெரியாமலே திரை இருண்டது. இணையத்தில் தொடரும் திட்டம் இருந்ததால் அப்படி விட்டார்கள். 2013இல் இணையத்தில் வந்தது, சில மாதங்களில் அதுவும் நின்றது.

ஏன் சரிந்தது என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். பெண்கள் வேலைக்குப் போனது, சேனல்கள் பெருகியது, 1995இல் ஓ.ஜே. சிம்சன் என்ற பிரபல விளையாட்டு வீரரின் கொலை வழக்கு நேரலைக்காக மாதக்கணக்கில் தொடர்களை ஒதுக்கியதில் பார்வையாளர்கள் பழக்கம் விட்டுப்போனது. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நிறுத்திய தொடர்களின் இடத்தில் வந்தவை பெரும்பாலும் செலவு குறைந்த பேச்சு நிகழ்ச்சிகளும் போட்டி நிகழ்ச்சிகளும். இதில் விவாதம் இல்லை.

சரி, உங்கள் அம்மாவின் தொடர் திரும்ப வருமா? நம்பிக்கை கொடுக்காதீர்கள். வரவே வராது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 'எதிர்நீச்சல்' 2024இல் முடிந்து, அதே வருஷக் கடைசியில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று வந்தது, ஆனால் கதாநாயகி வேறு. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இரண்டாம் பாகத்தில் குடும்பமே வேறு. ஆஸ்திரேலியாவின் 'நெய்பர்ஸ்' 2022இல் பெரிய விழா எடுத்து விடைபெற்று, மறு வருஷமே அமேசானில் திரும்பி வந்து, 2025 டிசம்பரில் மறுபடி முடிந்தது. இரண்டு தடவை விடைகொடுத்த ரசிகர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பெயர் திரும்பி வரலாம், மனிதர்கள் வருவதில்லை. 'எதிர்நீச்சல்' ஓடிக்கொண்டிருக்கும்போதே 2023 செப்டம்பரில், ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து மறைந்தார். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், திறமைசாலி. இருந்தாலும் முதலில் பார்த்த ஆதி குணசேகரன்தான் பலருக்கு ஆதி குணசேகரன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் "நாடகம்தானேம்மா" என்பதை நிறுத்துவேன். சனி, ஞாயிறில் ஒரு நாள் நாலரைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தொடரின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காதவர் என்பது இங்கே நல்லதாகப் போயிற்று, முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். முடிவு பிடித்ததா, அவர் எழுதியிருந்தால் எப்படி முடித்திருப்பார் என்றும் கேளுங்கள். இது ஆறுதலுக்காகச் சொல்கிற தந்திரம் இல்லை. வருஷக்கணக்கில் பார்த்தவருக்கு அந்தப் பாத்திரங்களைப் பற்றி எங்கள் கதைக் குழுவை விட அதிகம் தெரியும். குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பார்க்கிறவர் மாறுவதில்லை.

பதிலுக்குப் புதுத் தொடரைப் போட்டு அந்த நேரத்தை அடைக்க அவசரப்படாதீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை வேண்டாம்தான். சில வாரம் போனதும் தானே எதையாவது பிடித்துக்கொள்வார், பெரும்பாலோர் அப்படித்தான். அதற்குள் ஏதாவது வேண்டும் என்றால் 2020இல் செய்ததையே செய்யுங்கள்: அவர் முன்பு பார்த்த, முடிவு தெரிந்த பழைய தொடர். 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' மாதிரி. முடிவு தெரிந்த கதை ஏமாற்றாது. அவற்றை இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும், அங்கேதான் ஒரு சிக்கல். ரிமோட்டில் எண் அழுத்திப் பழகியவருக்குச் செயலிக்குள் போய்த் தேடுவது பெரிய மலைப்பு. அமெரிக்காவில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022இல் தொலைக்காட்சியை விட்டு இணையத் தளத்துக்கு மாறியபோது மூத்தவர்களுக்கு வந்ததும் இதே மலைப்புதான். ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் போதாது, நாலைந்து தடவை பொறுமையாகக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும் என்பது என் கருத்து. ஒரே மூச்சில் பத்துப் பார்த்தால் கதை கிடைக்கும், அந்த நாலரை மணி கிடைக்காது. ஊரில் இருப்பவரும் அதே தொடரை அதே நாளில் பார்க்க ஏற்பாடு செய்ய முடிந்தால், அதை விட நல்லது எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் மூத்தோர் நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி வேறு சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல யோசனைதான், அங்கே தமிழ் பேசும் துணை இருந்தால். இல்லையென்றால் அவர் இரண்டாம் நாள் போகமாட்டார். முதலில் நீங்கள் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

ஒன்றில் மட்டும் நான் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அம்மா நாலரைக்கு வந்து உட்காருவது, தொடர் முடிந்தது தெரிந்தும் பழக்கத்தாலா, அல்லது முடிந்ததே நினைவில் இல்லாமலா? "இன்னிக்கு ஏன் போடல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், அல்லது சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, கோயிலுக்குக்கூடக் கிளம்பாமல் பல வாரம் போனால், அது தொடர் சம்பந்தப்பட்டதே இல்லாமல் இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு பத்தியைப் படித்துவிட்டு இதைத் தீர்மானிக்க என்னால் ஆகாது.

சந்தா விஷயம்: இப்போது நிறுத்த வேண்டாம். அவர் காலையில் பார்க்கும் கோயில் நிகழ்ச்சியும் ஞாயிறு படமும் அதில்தான் வருகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பில்லில் பாருங்கள். அந்தத் தேதி வரும்போது அம்மாவையே கேளுங்கள்.